பின்வாங்கிய அரசனும் புறப்பட்ட நந்தியும்

திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்கு முதன்முறை செல்பவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நந்தி ஏன் சுவாமியைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்திருக்கிறது?" பெரும்பாலான சிவாலயங்களில் இறைவனின் திருமுகத்தையே நோக்கி அமர்ந்திருக்கும் நந்தியெம்பெருமான், இங்கே சுவாமியைப் போலவே தாமும் கிழக்கு நோக்கி வீற்றிருக்கிறார். எங்கோ புறப்பட ஆயத்தமாக இருப்பவரின் இருக்கை அது.

பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் கூடிவரும் நாளில் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் ஆகிய மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பது நம் பகுதி மக்களின் வழக்கம். அப்படியொரு நாளின் மாலையில், எங்கள் கள்ளிக்குப்பத்துத் தெருவைச் சேர்ந்த ஓர் அம்மையாரும் அவருடைய மகனும் கோயிலில் என்னைக் கண்டு அருகில் வந்தார்கள். மகனுக்குப் பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. சில நாட்களில் புறப்பட வேண்டும்.

"மேனேஜர் சார், இவனுக்கு நீங்களாவது நாலு வார்த்தை சொல்லுங்கள். நான் வாயைத் திறந்தாலே அழுகை வந்துவிடுகிறது" என்றார் தாய்.

பையன் சிரித்தான். பின்பு சற்று மெல்லிய குரலில், "எனக்கு என் உயிரைப் பற்றிப் பயம் இல்லை சார். பயிற்சி முடிந்ததும் முப்பது பேருக்கு மேல் என் கையில் ஒப்படைப்பார்கள். 'முன்னேறு' என்று நான் சொல்கிற ஒரு வார்த்தையில் அவர்கள் உயிர் இருக்கிறது. அதை எப்போது சொல்ல வேண்டும், எப்போது சொல்லக்கூடாது? அதுதான் பயம்" என்றான்.

அவன் நின்றிருந்த இடம் நந்தியின் அருகில். வாழ்நாள் முழுவதும் பேரேட்டையும் கடன் பத்திரங்களையும் மட்டுமே கண்டவன் நான். படைத்தலைவனுக்கு யோசனை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அந்தத் தலத்தின் வரலாறே அவன் கேள்விக்கு விடை என்று தோன்றியது. அங்கே சுருக்கமாகச் சொன்னதை இங்கே சற்று விரித்துச் சொல்கிறேன்.

தோற்று வந்தவனின் கதை

தொண்டை நாட்டை ஆண்ட தொண்டைமான், புழல் கோட்டையைத் தம் அரணாகக் கொண்டிருந்த குறும்பர் தலைவர்களான ஓணன், வாணன் இருவர்மீதும் படையெடுத்தான். இன்று சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரிப் பகுதிதான் அந்தக் களம். குறும்பர்கள் எளிதில் வெல்லக்கூடியவர்கள் அல்லர். வலிய கோட்டை அவர்களுடையது. பழகிய நிலமும் அவர்களுடையது. தொண்டைமானால் அவர்கள் முன் நிற்க இயலவில்லை. பின்வாங்கினான்.

திரும்பும் வழியில் அவன் ஏறியிருந்த யானையின் காலை முல்லைக்கொடிகள் சுற்றிக்கொண்டன. யானையால் அடியெடுத்து வைக்க முடியவில்லை. தோற்று வந்த சினம் ஒருபுறம், பகைவர் பின்தொடர்வரோ என்ற பதற்றம் ஒருபுறம். அரசன் யானைமீது இருந்தவாறே வாளை உருவிக் கொடிகளை வெட்டினான். வெட்டிய இடத்திலிருந்து குருதி பெருகியது. இறங்கி வந்து கொடிகளை விலக்கிப் பார்த்தபோது உள்ளே சிவலிங்கம் இருந்தது. வாள் பட்டது இறைவன் திருமேனியில்.

"பகைவனை வெட்ட வலியற்ற வாள், பரமனை வெட்டிவிட்டதே" என்று கதறிய அரசன் அதே வாளால் தன் கழுத்தை அரியத் துணிந்தான். அப்போது இறைவன் வெளிப்பட்டுத் தடுத்தருளினார். வாளால் வெட்டுண்டபோதும் மாசற்ற மணியாகவே இருப்பேன் என்று கூறி, நந்தியெம்பெருமானை அவனுக்குப் போர்த்துணையாக அனுப்பி வைத்தார். தொண்டைமான் மீண்டும் புழலுக்குச் சென்று வென்றான். குறும்பர் கோட்டையில் இருந்த வெள்ளெருக்குத் தூண்கள் இரண்டைக் கொண்டுவந்து இறைவன் சந்நிதியில் நிறுத்தினான். அவற்றை இன்றும் காணலாம்.

இந்த வரலாற்றைப் பிற்காலத்தவர் புனைந்த கதை என்று ஒதுக்கிவிட இயலாது. திருவொற்றியூரில் செய்த சத்தியத்தை மீறியதால் கண்ணொளி இழந்து இத்தலத்துக்கு வந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள், தம் பதிகத்திலேயே தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி கட்டியதையும் இறைவன் அவனுக்கு அருளியதையும் போற்றியிருக்கிறார். பார்வை இழந்து நின்ற அடியவருக்கு, தோற்று நின்ற அரசன் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

அந்த வெட்டின் வெம்மை தணியவே மாசிலாமணீஸ்வரர் எப்போதும் சந்தனக் காப்பில் இருக்கிறார் என்பது ஐதிகம். ஆண்டுக்கு ஒருமுறை சித்திரைச் சதயத்தை ஒட்டியே பழைய காப்பைக் களைந்து புதிய காப்பு சாத்துகிறார்கள். காப்பில்லாத திருமேனியைக் காணக் கூட்டம் அலைமோதும்.

மூன்று தராசுகள்

தொண்டைமான் முதல் போரில் ஏன் தோற்றான்? தலபுராணம் காரணத்தை விரித்துக் கூறவில்லை. ஆனால் திருவள்ளுவர் இதற்கென்றே மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். வலியறிதல், காலமறிதல், இடனறிதல். 48, 49, 50 ஆம் அதிகாரங்கள். அவற்றுக்கு முன்னே நிற்பது தெரிந்துசெயல்வகை. எண்ணிப் பார்த்த பிறகு எடைபோட வேண்டிய தராசுகள் இம்மூன்றும் என்பதே அந்த வரிசையின் பொருள்.

வலிமையை எடைபோடும்போது நான்கைப் பார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். எடுத்த செயலின் வலி, தன் வலி, மாற்றான் வலி, இருவருக்கும் துணை நிற்பவர்களின் வலி. வங்கியில் பெருங்கடன் கொடுக்கும்முன் நாங்களும் இப்படித்தான் பார்ப்போம். தொழிலின் தன்மை, கேட்பவரின் நிலை, போட்டியாளர்கள், ஜாமீன்தாரர். நான்கில் ஒன்றைப் பார்க்காமல் விட்டாலும் கணக்கு என்றாவது ஒருநாள் பொய்க்கும். மிக மெல்லிய மயிற்பீலியே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது அவ்வதிகாரத்தில் எல்லோரும் அறிந்த உவமை.

காலத்துக்குக் காக்கையையும் கூகையையும் காட்டுகிறார். பகலில் காக்கை வெல்லும், இரவில் கூகை வெல்லும். வலிமை மாறவில்லை, பொழுதுதான் மாறியது. இடத்துக்கு முதலையைக் காட்டுகிறார். ஆழ்ந்த நீரில் அதுவே அரசன். கரைக்கு வந்தால் பிற விலங்குகள் அதை வென்றுவிடும்.

இடனறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளில் ஒரு யானை வருகிறது. வேலேந்திய வீரர்களுக்கும் அஞ்சாத களிறு, கால் சேற்றில் புதைந்துவிட்டால் நரிக்கு இரையாகும். திருமுல்லைவாயிலில் முல்லைக்கொடியில் கால் சிக்கி நின்ற யானையைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தக் குறள்தான் நினைவுக்கு வரும். அந்த நேரத்தில் குறும்பர் படை வந்திருந்தால் தொண்டைமானின் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பின்வாங்குவது இழிவா என்று அந்தப் பையன் கேட்டான். இல்லை என்பதற்கும் வள்ளுவரே சான்று. ஊக்கமுடையவன் ஒடுங்கியிருப்பது, போரிடும் ஆட்டுக்கடா பாய்வதற்காகப் பின்னால் கால்வைப்பதைப் போன்றது என்கிறார். கடா பின்னே செல்வதைக் கண்டு அது தோற்றது என்று கைதட்டுபவன் அடுத்த கணத்தை அறியாதவன்.

மணிமங்கலமும் வாதாபியும்

இதற்கு வரலாற்றுச் சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. தாம்பரத்துக்கு மேற்கே உள்ள மணிமங்கலத்துக்குத் தர்மேஸ்வரரையும் ராஜகோபாலப் பெருமாளையும் தரிசிக்கச் சென்ற அன்பர்கள் பலர் இருப்பீர்கள். ஏழாம் நூற்றாண்டில் தென்னாட்டின் தலைவிதியைத் தீர்மானித்த போர்க்களங்களில் ஒன்று அந்த ஊர்.

சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி காஞ்சியை நோக்கிப் படை நடத்தி வந்தபோது, மகேந்திரவர்ம பல்லவன் காஞ்சிக் கோட்டை மதிலுக்குள் ஒடுங்கினான். 634 ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐஹொளே கல்வெட்டு இதைச் சாளுக்கியரின் பெருமையாகப் பாடுகிறது. வென்றவர் எழுதிய கல்வெட்டு அப்படித்தான் பாடும். ஆனால் அந்த ஒடுக்கத்தால் காஞ்சி பிழைத்தது. பல்லவர் படை அழியாமல் எஞ்சியது.

மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மன் காலத்தில் புலிகேசி மீண்டும் வந்தான். இம்முறை பரியலம், மணிமங்கலம், சூரமாரம் என்னும் இடங்களில் பல்லவர் அவனை எதிர்கொண்டு முறியடித்ததைக் கூரம் செப்பேடு கூறுகிறது. இவற்றுள் மணிமங்கலம் காஞ்சிக்கு அண்மையில் உள்ள ஊர். சொந்த மண், அறிந்த ஏரி, அறிந்த வழி. பகைவனோ ஊரைவிட்டு வெகுதூரம் வந்து களைத்தவன். முதலை தன் நீரிலேயே இருந்து வென்றது என்று இதனைச் சொல்லலாம்.

அதன் பிறகே பல்லவர் படை வாதாபிக்குப் புறப்பட்டது. தனியாக அன்று. இலங்கை அரச குமாரன் மானவர்மன் நரசிம்மவர்மனிடம் அடைக்கலமாக இருந்து வல்லப மன்னனுக்கு எதிரான போரில் அவனுக்குத் துணைநின்றதைச் சூளவம்சம் சொல்கிறது. துணைவலியும் சேர்ந்த பிறகே படை எழுந்தது. 642 ஆம் ஆண்டளவில் வாதாபி வீழ்ந்தது. தந்தை மதிலுக்குள் ஒடுங்கியதையும், மகன் மணிமங்கலத்தில் நின்றதையும், பின்பு வாதாபி சென்றதையும் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். வள்ளுவரின் ஆட்டுக்கடா கண்முன் தெரியும்.

நம் காலத்திலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1971 ஏப்ரலில் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் பெருந்திரளாக வந்தபோது, படையை உடனே அனுப்ப இயலுமா என்று பிரதமர் இந்திரா காந்தி தலைமைத் தளபதி மானெக்‌ஷாவிடம் கேட்டார். இப்போது இயலாது என்றார் அவர். மழைக்காலம் வந்துவிட்டால் அங்குள்ள ஆறுகள் கடலாகும். கோடையில் இமயத்துக் கணவாய்கள் திறந்திருக்கும். டாங்குப் படை ஆயத்தமாக இல்லை. இவற்றைத் தாம் எடுத்துரைத்ததாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அதிகாரத்தின் முன் "இப்போது இல்லை" என்று சொல்வதற்கு, களத்தில் நிற்பதைவிடக் கூடுதலான துணிவு வேண்டும். டிசம்பர் 3 அன்று தொடங்கிய போர் 16 ஆம் தேதி முடிந்தது. சுமார் 93,000 பேர் சரணடைந்தனர். காத்திருந்தது எட்டு மாதம், போரிட்டது பதின்மூன்று நாள். தம் இறுதிக் காலத்தை நம் நீலகிரியிலேயே கழித்த அப்பெருமகன் 2008 இல் வெலிங்டனில் காலமானார்.

வாள் எங்கே விழுகிறது?

எப்போது என்பதற்கு இவ்வளவு. இனி, எவ்வாறு?

தொண்டைமான் தோற்றது ஒரு பிழை என்றால், திரும்பும் வழியில் வாளை உருவியது அதைவிடப் பெரிய பிழை. முல்லைக்கொடி அவனுக்குப் பகை அன்று. பற்றிப் படர ஒரு கொழுகொம்பு இல்லாமல் தவித்த முல்லைக்குத் தேரையே விட்டுச் சென்ற பாரியின் நாடு இது. யானையிலிருந்து இறங்கிக் கையால் விலக்கியிருந்தால் கொடியும் பிழைத்திருக்கும், குருதியும் சிந்தியிருக்காது. தோல்வியின் சினம் கண்ணை மறைத்தது. பகைவனிடம் காட்ட இயலாத வீரத்தை எதிர்ப்பட்டதன்மீது காட்டினான். அந்த இலையடர்வுக்குள் இறைவன் இருந்தான்.

இதை எழுதும்போது என் கை சற்று நடுங்குகிறது. என்னிடமும் ஒரு வாள் இருந்தது. வங்கியில் கிளை மேலாளராக இருந்த காலத்தில், தொழிற்பேட்டையில் நான்கு லேத் இயந்திரங்களுடன் பட்டறை நடத்திய ஒருவர் தவணை கட்டத் தவறினார். "பெரிய கம்பெனியிலிருந்து பணம் வர வேண்டும், இரண்டு மாதம் பொறுங்கள் சார்" என்று கேட்டார். அந்த ஆண்டு வேறு இரண்டு பெரிய கணக்குகள் வாராக்கடனாகிவிட்டதால் மேலிடத்தில் எனக்குத் தலைகுனிவு. அந்தப் பெரியவர்களிடம் என் பாச்சா பலிக்கவில்லை. அந்தச் சினத்தில் இவர்மீது நடவடிக்கை எடுத்தேன். சட்டம் என் பக்கம், அதிகாரம் என் பக்கம். இயந்திரங்கள் ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போயின. கடனில் பாதிகூட வசூலாகவில்லை. எட்டுத் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். வரவேண்டிய பணம் அவருக்குப் பிறகு வந்து சேர்ந்தது. அதைக் கொண்டு ஓட்டப் பட்டறைதான் இல்லை. பொறுத்திருக்க எனக்கு இடம் இருந்தது, நான் பொறுக்கவில்லை. பிழை முழுவதும் என்னுடையது. மாசிலாமணீஸ்வரரின் சந்தனக் காப்பைப் பார்க்கும் போதெல்லாம் அந்தப் பட்டறையின் பூட்டிய கதவு எனக்குத் தெரிகிறது.

ஆகவே தம்பியிடம் சொன்னேன். "உன் கையில் ஆயுதம் இருக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, 'நான் கோபமாக இருக்கிறேனா?' என்பதை. ஆம் என்று விடை வந்தால் வாள் உறையிலேயே இருக்கட்டும். முதலில் யானையிலிருந்து இறங்கு. எதை வெட்டப் போகிறாய் என்று பக்கத்தில் போய்ப் பார்."

தூது, காயம், தணிவு

நம் முன்னோர் போரை விளையாட்டாகக் கருதவில்லை. தேவசேனாபதியாகிய முருகப்பெருமானே, சூரனை வெல்லும் வேல் கையில் இருந்தும், முதலில் வீரபாகுவைத் தூதாக அனுப்பித் தேவர்களைச் சிறைவிடுமாறு கேட்கச் செய்தார் என்று கந்தபுராணம் கூறுகிறது. பாண்டவருக்காக ஐந்து ஊர்களாவது தரும்படி கண்ணபிரானும் தூது நடந்தார். முடிவு தெரிந்த பரம்பொருளே கேட்டுப் பார்த்த பிறகுதான் படையெடுத்தது என்றால், முடிவு தெரியாத நாம் எத்தனை முறை கேட்டுப் பார்க்க வேண்டும்?

போர் தவிர்க்க இயலாதபோது அதற்கும் நெறி உண்டு. பசுக்களும், அந்தணரும், பெண்களும், பிணியுடையோரும், பிள்ளைப்பேறு இல்லாதோரும் பாதுகாப்பான இடம் சேருங்கள் என்று முன்கூட்டியே அறிவித்து அம்பு தொடுத்த முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். புறங்காட்டி ஓடுபவர்மீது ஆயுதம் வீசாமைக்குத் 'தழிஞ்சி' என்று பெயரிட்டு, அதை ஒரு துறையாகவே வைத்தது புறப்பொருள் வெண்பாமாலை. படைக்கலம் இழந்து தனித்து நின்ற இராவணனைக் கொல்லாமல், அன்று திரும்பிச் செல்ல விட்டார் இராமபிரான்.

தலைவன் தானே முன்னிற்க வேண்டும் என்பது மற்றொரு நெறி. திருவல்லிக்கேணியில் உற்சவர் பார்த்தசாரதியின் திருமுகத்தில் உள்ள தழும்புகளைக் கண்டிருப்பீர்கள். பாரதப் போரில் பீஷ்மரின் அம்புகள் பட்ட வடுக்கள் அவை என்பது ஐதிகம். ஆயுதம் எடுப்பதில்லை என்று சொல்லித் தேரோட்டியவர். ஆனாலும் அர்ஜுனனுக்கு முன்னே அமர்ந்து அம்பை ஏற்றார். முப்பது பேரை நடத்திச் செல்பவனுக்கு அந்தத் திருமுகத்தைவிடச் சிறந்த பாடப்புத்தகம் இல்லை. சென்னைக்கு ஒரு பாக்கியம். கிழக்கே அம்புத் தழும்புடன் ஒரு பெருமாள், மேற்கே வாள் தழும்புடன் ஓர் ஈசன். போரின் விலை என்னவென்று இரு சந்நிதிகளும் நமக்கு நினைவூட்டுகின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக, வென்ற பிறகு என்ன செய்வது? அதற்கு விடை சொன்னவர் நம் பூந்தமல்லிக்கு அருகில் உள்ள குன்றத்தூரில் அவதரித்த சேக்கிழார் பெருமான். பல்லவர் படையை வாதாபிக்கு நடத்திச் சென்ற தளபதி என்று வரலாற்றாசிரியர்கள் கருதும் பரஞ்சோதியார்தான் பெரிய புராணத்தின் சிறுத்தொண்ட நாயனார். வாதாபியைத் துகளாக்கி யானைகளும் குதிரைகளும் மணிகளும் கொண்டுவந்து மன்னன்முன் நிறுத்தினார். அவருடைய வலிமைக்கு மூலம் சிவபக்தியே என்று அமைச்சர்கள் கூறக் கேட்ட மன்னன், மகிழ்வதற்கு மாறாகத் திடுக்கிட்டான். அடியவர் ஒருவரைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டேனே என்று வருந்தி மன்னிப்பு வேண்டினான். நிறைந்த பொருள் தந்து, படைப்பணியிலிருந்து விடுவித்து, விரும்பிய தொண்டைச் செய்யுமாறு அனுப்பி வைத்தான். பரஞ்சோதியார் தம் ஊராகிய திருச்செங்காட்டங்குடிக்குத் திரும்பி அடியார்க்கு அமுதூட்டும் சிறிய தொண்டைத் தொடங்கினார். வாதாபியை வென்றவர் என்பதைவிடச் சிறுத்தொண்டர் என்ற பெயரே நிலைத்தது.

அதே குன்றத்தூர் மலையில் முருகனும் இருக்கிறார். திருப்போரூரில் அசுரரை வென்று, திருத்தணிகைக்குச் செல்லும் வழியில் இங்கே தங்கினார் என்பது தலவரலாறு. செருவின் சினம் தணிந்த இடம் என்பதால் திருத்தணிக்குச் 'செருத்தணி' என்று பெயர். போரூரில் தொடங்கிய பயணம் தணிகையில் முடிகிறது. போரூரிலேயே நின்றுவிட்டவனுக்குப் போர் ஒருநாளும் முடிவதில்லை.

தொண்டைமானும் அதைத்தான் செய்தான். வென்ற கோட்டையின் தூண்களைத் தன் அரண்மனை வாசலில் நடவில்லை. இறைவன் வாசலில் நட்டான். குறும்பரும் தம் மண்ணைக் காக்கப் போரிட்டவர்களே. அவர்கள் கோட்டைத் தூண்களும் இன்று கொடியிடை நாயகியின் பதியில் ஈசனுக்குத் தொண்டு செய்கின்றன. நாம் அவற்றையும் வணங்கியே உள்ளே செல்கிறோம். முல்லை, எருக்கு, எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கும் கள்ளி என எல்லாச் செடிக்கும் இந்த மண்ணில் இடம் இருக்கிறது.

அமர்ந்திருக்கும் நந்தி

இவ்வளவும் கேட்ட பையன் நந்தியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், போருக்குப் போக வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டார். ஆனால் உட்கார்ந்துதானே இருக்கிறார்?"

நாற்பது ஆண்டுகளாக அந்தக் கோயிலுக்குச் சென்று வருகிறேன். இது எனக்குத் தோன்றியதே இல்லை. உண்மைதான். நந்தியின் முகம் வெளியை நோக்கியிருக்கிறது, கால்கள் மடங்கியிருக்கின்றன. ஆணை வந்தால் எழுவதற்கு ஆயத்தம், வரும்வரை அமைதி. சுவாமியை அவர் பார்க்கவில்லை. ஆனால் சுவாமி தம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும்.

விஜயந்தா, அர்ஜுன் முதலிய டாங்குகளை உருவாக்கிய ஆவடி அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த வண்டிகளும் ஆணைக்காகக் காத்திருப்பவைதாம். அவை காத்துக்கொண்டே இருக்கும்வரை எத்தனையோ தாய்மார்கள் இரவில் உறங்கலாம்.

அந்த அம்மையார் அர்ச்சகர் தந்த சந்தனத்தை மகனின் நெற்றியில் இட்டார். அழவில்லை. "போய் வா. உன்னை நம்பி வருகிற பிள்ளைகளுக்கும் வீட்டில் அம்மா இருப்பாள் என்பதை மறந்துவிடாதே" என்று மட்டும் சொன்னார். நான் இதுவரை எழுதியதை எல்லாம் அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அன்பர்களே, நம்மில் பலருக்குப் போர்க்களம் இல்லை. ஆனால் பங்காளியுடன் மதில் வழக்கு உண்டு. சம்பந்தி வீட்டாருடன் மனக்கசப்பு உண்டு. அலுவலகத்தில் பகை உண்டு. அடுத்த முறை வழக்கறிஞரைத் தேடிச் செல்லுமுன் ஒரு மாலை திருமுல்லைவாயில் சென்று வாருங்கள். சந்தனக் காப்பின் முன் நின்று, வலியும் காலமும் இடமும் சரிதானா என்று கணக்குப் பாருங்கள். தூது அனுப்பினோமா என்று நினைத்துப் பாருங்கள். பிறகும் போரிட்டே ஆக வேண்டும் என்றால், நந்தியெம்பெருமான் வாசலைப் பார்த்தபடி இருக்கிறார், உடன் வருவார்.

பரங்கிமலைக்குச் செல்லும் அந்தப் பிள்ளைக்கும், எல்லையில் நிற்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடியிடை நாயகி துணை நிற்பாளாக.